எவ்வளவு குடுப்பீங்க?

"எவ்வளவு குடுப்பீங்க?" என்று எங்க நாயனா கேட்டார். கேட்டது மைக்கில் விழுந்துவிட்டது. தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த எழுபது எண்பது பேருக்கும் கேட்டது. சிலர் சிரித்தார்கள். வயசானவர் ஏதோ தமாசு பண்ணுகிறார் என்று நினைத்திருப்பார்கள். மைக்கைப் பிடித்திருந்த பையனும் சிரித்தான். நாயனா சிரிக்கவில்லை. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, பதில் வரட்டும் என்று நின்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. பக்கத்தில் இருந்த என் மகன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று நாலு மாசமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. அப்பாவை நாயனா என்போம், அப்பாவின் அம்மாவை அவ்வா என்போம். வீதிக்கு வந்தால் தமிழ். சேலம், நாமக்கல் பக்கத்து அருந்ததியர் வீடுகள் பலவற்றில் இப்படித்தான். நாயனாவுக்கு எழுபத்திநாலு வயசு. ராசிபுரம் பக்கத்தில் ஒரு ஊரில் பிறந்து, பண்ணயத்தில் இருந்து, தப்படித்து, பிறகு ஊரைவிட்டு வந்து குச்சிக்கிழங்கு மில்லில் மாவு காயப்போட்டே காலத்தை ஓட்டியவர். நான் சத்துணவு அமைப்பாளர். என் மகன் திருச்செங்கோட்டுப் பக்கம் இஞ்சினியரிங் படிக்கிறான். 2009-ல் அருந்ததியருக்கு வந்த மூன்று சதவீத உள் ஒதுக்கீட்டில் கிடைத்த சீட்டு. அந்த ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. அது வேறு கதை.

மகன் காலேஜில் சேர்ந்த ரெண்டாவது வருசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோளில் பறையோடு வீட்டுக்கு வந்தான். நாயனா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேரனைப் பார்த்தார், அவன் தோளில் இருந்ததைப் பார்த்தார், எழுந்து உள்ளே போய்விட்டார். ரெண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூணாம் நாள், "எங்கடா வாங்குன?" என்று மட்டும் கேட்டார்.

நாமக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுகிற நாட்டுப்புறப் பாட்டு மன்றம் ஒன்று. அதன் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் நல்ல பிள்ளைகள். காலேஜ் பையன்கள், பெண்கள், பாங்கில் வேலை பார்க்கிறவர் ஒருவர், மருந்துக்கடைக்காரர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார்கள், ரெண்டு லாரி டிரைவர்கள். யாருக்கும் இது தொழில் இல்லை. ஆசைக்குக் கற்றுக்கொள்கிறார்கள். வருசத்துக்கு ஒருமுறை கற்றுக்கொண்டதை வைத்து ஒரு மத்தியான நிகழ்ச்சி. இந்த வருசம் ஆடி மாசம் வைத்தார்கள். இடம், ஊருக்கு வெளியே லாரி பாடி கட்டுகிற ஒரு பட்டறை. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை என்பதால் முதலாளி சும்மாவே விட்டிருந்தார். எலும்புக்கூடு மாதிரி ரெண்டு லாரிகள் ஒருபக்கம் நின்றன. கூரைக்குக் கீழே ஜமுக்காளம், நாற்காலிகள், ஒரு மைக். ஆடிக்காற்று தகரத்தை அடித்துக்கொண்டே இருந்தது.

எல்லாருக்கும் பேப்பர் கப்பில் டீ. எனக்கு எப்போதும் தோன்றுகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேப்பர் கப் வந்த பிறகு எங்கள் பக்கத்து டீக்கடைகளில் ஒரு வேலை மிச்சமாகிப் போய்விட்டது. யாருக்கு எந்த டம்ளர் என்று பார்க்க வேண்டியதில்லை. நாயனா கொட்டாங்கச்சியில் குடித்தவர். அப்புறம் தனி டம்ளர். இப்போது பேப்பர் கப். மனசு மாறி வந்ததா, கம்பெனி வந்து வந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவரை அங்கே கூட்டிப்போனது என் மகன். "தாத்தா, சும்மா வந்து பாரு, அடிக்கச் சொல்ல மாட்டேன்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனான்.

முதலில் பேச்சு. தொல்காப்பியர் கருப்பொருளில் பறையை வைத்தார், ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை இருந்தது, குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று ஒரு தம்பி அழகாகப் பேசினான். பறை தமிழர் எல்லாருக்கும் சொந்தம், அதற்குச் சாதி கிடையாது என்றான். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நாயனா என் காதில், "எல்லாருக்கும் சொந்தம்னா என்னை மட்டும் எதுக்குப் பாப்பா தூக்கிக்கிட்டு வரச்சொன்னாங்க?" என்றார். அவர் எகத்தாளம் பண்ணவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்ததையும் அந்தத் தம்பி சொன்னான். பறையடிக்கிற ஒருவருக்கு டெல்லி கொடுத்த மரியாதை. நாயனா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுக்கு மாசாமாசம் காசு வருமா?" என்றார். "பத்மஸ்ரீயில காசு கிடையாது தாத்தா" என்றான் பேரன். "ஓ" என்றார்.

நிகழ்ச்சி நன்றாகவே இருந்தது. பொய் சொல்லக் கூடாது. பாங்க்காரர் நடவுப் பாட்டு பாடினார். எழுதிவைத்துப் பார்த்துப் படித்தாலும் குரலில் சேறு இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒயிலாட்டம் ஆடினார்கள், பாதியில் ஒரு பிள்ளையின் துணி அவிழ்ந்து, அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஆடி முடித்தாள். மருந்துக்கடைக்காரர் கும்மி சொல்லிக் கொடுக்கிறேன் என்று எங்களையெல்லாம் எழுப்பிவிட்டார். ஒரு லாரி டிரைவர் மணிப்பூரிலிருந்து கன்னியாகுமரி வரை ஓட்டின கதையைப் பாட்டாகக் கட்டியிருந்தார். ராகம் ஒரு பழைய சினிமாப் பாட்டுடையது, அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அதற்குப் பிறகு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற ஒரு அம்மா வந்தார். எங்க ஆள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. தாலாட்டு பாடினார். பாடி முடித்ததும், "யாருகிட்ட கத்துக்கிட்டீங்கக்கா?" என்று மைக் தம்பி கேட்டான். "எங்கம்மா பாடுவாங்க" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "எங்களுக்குப் பாடுனதில்ல. பண்ணயக்காரங்க வூட்டுக் கொழந்தைக்குத் தூளி ஆட்டயில பாடுவாங்க. நாங்க வெளிய நின்னு கேப்போம்" என்றார். அந்தக் கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாருக்கும் பேச்சு வரவில்லை. காற்று மட்டும் தகரத்தை அடித்தது. மைக் தம்பி "அருமை, அருமை" என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விட்டான்.

அடுத்தது பறை. பத்துப் பேர், அதில் நாலு பெண்கள். என் மகன் ரெண்டாவது வரிசை. ஒரே நிறத்தில் பனியன், காலில் சலங்கை. பெண்பிள்ளைகள் பறையை மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. 1990-களிலேயே திண்டுக்கல் சக்தி கலைக்குழுப் பெண்கள் இதைச் செய்துவிட்டார்கள். மதுரையில் தலித் கலைவிழாக்கள் நடந்த காலம் அது. அப்போதெல்லாம் பறையைக் கைவிடுவதா, கையில் எடுப்பதா என்று நம் பத்திரிகைகளில் பெரிய சண்டை நடந்தது. சிதம்பரம் பக்கத்தில் எல். இளையபெருமாள் பறையடிக்கக் கூடாது என்று இயக்கம் நடத்தியவர். அது நம்மை இழிவாக்க வைத்த கருவி, தூக்கி எறி என்பது ஒரு கட்சி. அது நம்முடைய கலை, அதை வைத்தே கலகம் பண்ணு என்பது இன்னொரு கட்சி. ரெண்டையும் படிக்கும்போது ரெண்டும் சரியென்றே எனக்குப் படும். ஆனால் அந்தச் சண்டையில் நாயனா மாதிரி ஆட்களிடம் யாரும் வந்து கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டிருந்தால் அவர் வேறு ஒன்றைச் சொல்லியிருப்பார் என்று அந்த மத்தியானம்தான் தெரிந்தது.

பத்துப் பேரும் சப்பரத்தடி, ஒத்தையடி, மருளடி என்று பெயர் சொல்லிச் சொல்லி அடித்தார்கள். நாயனாவுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. அவருக்குத் தெரிந்தது சாமி வர்ற அடி, சாட்டு, பொணம் எடுக்கிற அடி. வேகம் கூடக் கூடப் பிள்ளைகளால் பிடிக்க முடியவில்லை, ஓடினார்கள். நாயனாவின் கால் பெருவிரல் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவருக்கே தெரிந்திருக்காது.

முடித்த பிறகு என் மகன் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தான். மைக் தம்பியிடம் போய்ச் சொல்லிவிட்டான். "நம்ம தோழருடைய தாத்தா இங்க வந்திருக்காங்க. அந்தக் காலத்துப் பறைக் கலைஞர். ஐயா மேடைக்கு வந்து நமக்காக ஒண்ணு வாசிக்கணும்."

ஐயா. நாயனாவை ஒருவர் ஐயா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊரில் பள்ளிக்கூடம் போகிற பொடியன்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான், பின்னால் ஒரு 'டா' வேறு. ஐயா என்பது இவர் மற்றவர்களைக் கூப்பிடுகிற வார்த்தை. கூட்டமே திரும்பிப் பார்த்தது. நாயனா எழுந்து மெதுவாக நடந்து போனார். மைக்குக்குக் கிட்டத்தில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டார்.

இங்கே நான் ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் வளவில் தப்படிக்கிறவர்கள் ஆறு பேர். நோம்பி, சாட்டு, சாவு எல்லாவற்றுக்கும் அந்த ஆறு பேர். ஊரில் செத்துப்போன கன்றுக்குட்டியைத் தூக்கிவந்து, உரித்து, தப்புக் கட்டுவதும் அவர்களே. ஆவாரம்பட்டை போட்டுப் பதம் பண்ணின தோல் செருப்புக்கும், கிணற்றில் தண்ணி இறைக்கிற கவலைப் பறிக்கும். தப்புக்குப் பச்சைத் தோல். சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டுவார்கள். கரண்ட் மோட்டார் வந்து கவலை ஓட்டுவது நின்ற பிறகு பறி தைக்கிற வேலை போனது. தப்பு போகவில்லை. அதற்கு மோட்டார் வரவில்லை.

இதற்கெல்லாம் கூலி என்று ஒன்று கிடையாது. அறுப்பு முடிந்தால் களத்தில் கொஞ்சம் சோளம், ராகி. சாவு வீட்டில் சோறு, சாராயம். அதுவும் அளந்து பேசியது இல்லை, அவர்களாகப் பார்த்துக் கொடுப்பது. "எவ்வளவுங்க சாமி?" என்று கேட்டால் அது திமிர். 1976-லேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது என்று நான் பின்னாளில் படித்தேன். எங்கள் வளவுக்கு அந்தச் சட்டத்தை யாரும் தப்படித்துச் சொல்லவில்லை.

எனக்கு எட்டு வயசு இருக்கும். ஊருக்குள் ஒரு பெரிய சாவு. ஒளிந்து நின்று பார்த்தேன். வேடிக்கை பார்க்க வந்த ஒருத்தன் ஒரு ரூபாய் நோட்டைத் தரையில் போட்டான். கையால் எடுக்கக் கூடாது, தப்படிப்பதை நிறுத்தவும் கூடாது. நாயனா அடித்துக்கொண்டே முட்டியை மடக்கி, உடம்பை வளைத்து, முகத்தைத் தரைக்குக் கொண்டுபோய் உதட்டால் அந்த நோட்டைக் கவ்வி எடுத்தார். கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். இன்னொரு நோட்டு விழுந்தது. அன்று ராத்திரி அம்மா அந்த நோட்டுகளைக் கழுவிக் காயவைத்தார். மண் ஒட்டியிருந்தது.

1985-ல் அவ்வா செத்துப்போனார். மத்தியானம் உயிர் போனது. அதே நாள் சாயங்காலம் ஊருக்குள்ளும் ஒரு சாவு, நாயனா பண்ணயம் பார்த்த வீட்டில். ஆள் வந்தது. ஆறு பேரும் போனார்கள். நாயனாவும் போனார். அவ்வாவை எங்கள் குடிசை வாசலில் கிடத்தியிருந்தது. ஊருக்குள்ளிருந்து தப்புச் சத்தம் விடிய விடிய வந்துகொண்டே இருந்தது. அதில் எந்த அடி நாயனாவுடையது என்று அம்மாவுக்குத் தெரியும். "இதா, இதுதான் உங்க நாயனா" என்று இருட்டில் என்னிடம் சொன்னார். மறுநாள் அங்கே எல்லாம் முடித்து அவர்கள் திரும்பி வந்தபோது ஆறு பேருக்கும் கை வீங்கியிருந்தது. அவ்வாவைத் தப்பு இல்லாமல்தான் எடுத்துப்போய்ப் புதைத்தோம்.

அதற்கப்புறம் ரெண்டு வருசம் அடித்தார். உடனே விட்டுவிட்டார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் நடந்தது அப்படி இல்லை. 1987-ல் வளவுப் பையன்கள் கூடிப் பேசி, இனிமேல் எந்தச் சாவுக்கும் போவதில்லை என்றார்கள். ஆறு பேரில் நாலு பேர் ஒத்துக்கொண்டார்கள், நாயனா உட்பட. வேலைக்குக் கூப்பிடுவது நின்றது. மளிகைக்கடையில் சாமான் இல்லை என்றார்கள். காட்டு வழியில் நடக்கக் கூடாது என்றார்கள். ஒத்துக்கொள்ளாத ரெண்டு பேரும்கூடப் பயந்துபோய் அடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஊரில் ஒருவர் செத்தார். வெளியூரிலிருந்து மேளம் கூட்டிவந்தார்கள். ஆள் ஒருவருக்கு இவ்வளவு, வண்டிச் செலவு இவ்வளவு என்று பேசி, முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தார்கள். நாயனா இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் மாறிவிடும். "அப்பத்தான் பாப்பா எங்களுக்குத் தெரிஞ்சுது, இதுக்கு ரேட்டு இருக்குன்னு." இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல் அடித்தவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தப்பைப் பரண்மேல் போட்டார். எலி கடித்துத் தோல் போனது. சட்டத்தை ஒரு மழைக்காலத்தில் அம்மா அடுப்பெரித்தார். நாங்கள் ஊரைவிட்டு வந்தோம். மில்லில் வாரக் கூலி. சனிக்கிழமை கவர் கையில் வந்ததும் மூணு தரம் எண்ணுவார்.

இப்போது பட்டறைக்குத் திரும்பி வருகிறேன்.

மைக் தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஐயா, இது கூலிக்கு அடிக்கிற இடம் இல்லீங்க. நாங்க யாருமே காசு வாங்குறதில்ல. கலைக்காகச் செய்யறோம்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

"உங்களுக்கு வேற வேல இருக்குதுங்களே தம்பி" என்றார் நாயனா.

யாரோ ஒருத்தர் உணர்ச்சிவசப்பட்டுத் தோள் துண்டை எடுத்து ஜமுக்காளத்தில் விரித்தார். "ஆளுக்குக் கொஞ்சம் போடுங்க தோழர்களே" என்றார். ரெண்டு பத்து ரூபாய் நோட்டு விழுந்தது. நாயனா முகம் போன போக்கை நான் மட்டும்தான் புரிந்துகொண்டேன். "எடுங்க துண்ட" என்றார். சத்தம் போடவில்லை. ஆனால் அந்த மனிதர் நோட்டுகளோடு சேர்த்துத் துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்.

பட்டறை முதலாளி எழுந்து வந்தார். நல்ல மனுசன். சட்டைப் பையிலிருந்து ரெண்டு ஐநூறு ரூபாயை எடுத்து, "பெரியவரே, இந்தாங்க, என் சந்தோசத்துக்கு" என்று நீட்டினார். நாயனா கும்பிட்டார். வாங்கவில்லை. "நீங்க என்னைக் கூப்புடலீங்க. கூப்புட்டவங்க குடுக்கோணும்" என்றார்.

என் மகன் என் பக்கம் குனிந்து, "அம்மா, இப்படிக் கேட்டா மறுபடியும் இது நம்ம சாதித் தொழில் ஆயிடும்மா" என்றான். அவன் சொன்னது தப்பில்லை. அவனுக்கு இது விடுதலை. முன்வரிசையில் அடித்த பையன் ஒருத்தன், அவன் தாத்தா காலத்தில் இந்தத் தோலைத் தொட்டிருந்தால் வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டார்கள், அவன் இன்று என் மகனோடு ஒரே தட்டில் போண்டா தின்கிறான். அதைப் பார்த்து எனக்குச் சந்தோசம்தான். ஆனால் தொழில் என்றால் பேரமும் கூலியும் இருக்கும். நாயனா செய்ததில் அது எங்கே இருந்தது? அதை அவனுக்கு அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும்தான் கூசிப்போய் உட்கார்ந்திருந்தேனே.

இன்னொன்றும் உண்டு. ஆடி மாசம் எங்கள் பக்கம் மாரியம்மன் நோம்பிகள். தப்படித்துப் பிழைக்கிற குழுக்கள் எல்லாம் அன்றைக்குப் பேசின பணத்துக்கு எங்கெங்கோ அடித்துக்கொண்டிருந்தன. அதனால்தான் அந்தப் பட்டறையில் அப்படி ஒரு ஆள்கூட இல்லை. கலைக்காகச் சும்மா அடிக்க நேரம் இருந்தவர்கள்தான் அங்கே இருந்தார்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

கடைசியில் கணக்கு வைத்திருந்த பெண் எழுந்தாள். பார்மசி படிக்கிறவள் என்று மகன் சொன்னான். பறையடித்த நாலு பெண்களில் ஒருத்தி, வேர்வை இன்னும் காயவில்லை. "தாத்தா, நீங்களே சொல்லுங்க, எவ்வளவு?" என்றாள்.

நாயனா கொஞ்சம் யோசித்தார். "மாசம் கவர்மெண்டு எனக்கு ஆயிரத்து எரநூறு குடுக்குது. அத குடு கண்ணு."

"ஜீபேல போடட்டுங்களா?"

"கையில குடு."

அவள் டப்பாவைத் திறந்து எண்ணினாள். நோட்டில் ஒரு ரசீது எழுதினாள். நாயனா கையெழுத்துப் போட்டார். அறிவொளி இயக்கத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுத ரொம்ப நேரம் ஆகும். எல்லாரும் காத்திருந்தார்கள். பணத்தை அவரும் மூணு தரம் எண்ணினார். பிறகு அதை என்னிடம் கொடுத்தார்.

முதலில் கொடுத்த பறையைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது பிளாஸ்டிக்கு." பைபர் என்று திருத்தினார்கள். தோல் பறை ரெண்டுதான் இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் பின்னால் போனார். பையன்கள் இழைப்புச் சீவலைக் குவித்துத் தீ வைத்திருந்தார்கள். "சீவல் பொசுக்குனு எரிஞ்சு தோலைக் கருக்கிரும், ஓலை கொண்டாங்க" என்றார். எங்கிருந்தோ ஒரு காய்ந்த தென்னை மட்டை வந்தது. தோலைத் தீக்குக் காட்டிக் காட்டி விரலால் சுண்டிப் பார்த்தார். பத்து நிமிசம் ஆனது. மைக் தம்பி அதற்குள் ரெண்டு தரம் கடிகாரம் பார்த்தான்.

"ஐயா, அந்தச் சாவுக்கு அடிக்கிறது ஒண்ணு அடிங்க, அதுதான் செம வேகமா இருக்கும்" என்று ஒரு பையன் கேட்டான்.

"அது இல்ல" என்றார். சாட்டு அடித்தார். நோம்பி சாட்டுகிறபோது, ஊர் ஊராக நின்று, இன்ன நாள் இன்ன சாமிக்கு என்று சொல்வதற்கு முன்னால் அடிக்கிற அடி.

அவர் அடித்தது பிரமாதம் என்று நான் எழுதப்போவதில்லை. கை வரவில்லை. முப்பத்தெட்டு வருசம். இடது கைக் குச்சி ஒரு தரம் நழுவி விழுந்தது. பேரன் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தான். மறுபடி ஆரம்பித்தார். ஒரு ரெண்டு நிமிசம், அவ்வளவுதான் இருக்கும், நடுவில் அது வந்தது. இருட்டில் அம்மா எனக்குக் காட்டிய அந்த அடி. குட்டைக்குச்சி ஒரு நொடி தாமதித்து விழும். நாற்பது வருசத்துக்குப் பிறகும் எனக்கு அது தெரிந்தது. பிறகு போய்விட்டது, மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டார்.

எழுந்து நின்று கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். விசில் கேட்டதும் நாயனா சட்டென்று பறையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்துவிட்டார். ஏன் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பஸ்ஸில் வரும்போது மகன் தன் போனில் எதையோ படித்துக் காட்டினான். தாத்தாவைச் சமாதானப்படுத்தத்தான் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்று ஒரு கறுப்பர். 1928-ல் சில பாட்டுகளை ரெக்கார்டில் பாடியிருக்கிறார். அப்புறம் யாரும் கண்டுகொள்ளவில்லை, ஊரோடு விவசாய வேலை. 1963-ல் நாட்டுப்பாட்டில் ஆசை கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பையன், அவருடைய பாட்டில் வருகிற ஊர்ப் பெயரை வைத்தே தேடிப்போய்க் கண்டுபிடித்து, பெரிய விழா மேடைக்குக் கொண்டுவந்தான். நாயனா ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "நடுவுல முப்பத்தஞ்சு வருசம் அவரு காட்டுல வேல செஞ்சாரே, அதுக்குக் கூலி ஒழுங்கா வந்துச்சாமா?" என்றார். மகன் போனில் தேடினான். அது அதில் போட்டிருக்கவில்லை.

ரசீதின் நகல் ஒன்றை அந்தப் பெண் கொடுத்திருந்தாள். ரேசன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறையில் அதையும் வைத்திருக்கிறார். ஆயிரத்து இருநூறில் ஐநூறு என் அம்மாவின் மாத்திரைக்குப் போனது. மிச்சத்தை என்ன செய்தார் என்று சொல்லவில்லை.

புரட்டாசியில் மன்றத்திலிருந்து கூப்பிட்டார்கள். அந்தப் பார்மசிப் பெண்தான். பழைய அடிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ரெண்டு ஞாயிற்றுக்கிழமை தாத்தா வருவாரா என்று கேட்டாள். போனை நாயனாவிடம் கொடுத்தேன். அந்த ஆறு பேரில் இன்னும் ரெண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள், ஒருவர் ஈரோட்டில், ஒருவர் ஊரிலேயே. அவர்களிடம் இவர் ஏற்கெனவே பேசிவைத்திருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மூணு பேரு வருவோம் கண்ணு" என்றார். "பஸ் காசு தனி."